குறுக்கே வந்த நாய்

கேட்டைத் திறக்க வேண்டாம் தங்கச்சி. நான் சண்டைக்கு வரல. இந்தக் கம்பி வழியாவே ஒரு செம்பு தண்ணி குடுங்க, போதும். பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தேன். இந்த ஊர் ஆட்டோக்காரன் கேக்கிறதைப் பார்த்தா என்னமோ என்னை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் விடுறவன் மாதிரி கேக்கிறான்.

நல்லா இருங்க. தண்ணி இனிச்சுக் கிடக்கு. எங்க தெருவுல வாயில வைக்க முடியாது.

என்னை யாருன்னு தெரியாது உங்களுக்கு. ஆனா உங்க பேரு எனக்குத் தெரியும். நித்யகலா. சரியா? எப்படித் தெரியும்னு பார்க்காதீங்க, இந்தப் பையிலயே போட்டிருக்கு. ‘நித்யகலா – செல்வகணபதி இல்லப் புதுமனைப் புகுவிழா’. கீழ தெரு பேரு, வீட்டு நம்பர், எல்லாம் இருக்கு. உங்க வீட்டு மஞ்சப்பைதான். இதுலதான் உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டாந்தாரு. பை நல்ல கனமான துணி, தூக்கிப் போட மனசு வரல. மடிச்சு அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். அவரு போனை எடுக்கவே மாட்டாருன்னு ஆனப்புறம், சாமி கண்ணைத் திறந்த மாதிரி இது கண்ணுல பட்டுச்சு. வெறும் பையோட வரக்கூடாதுன்னு உள்ள கொஞ்சம் கொய்யாக்கா வச்சிருக்கேன். அப்புறம் வாங்கிக்கங்க.

எந்த ஆஸ்பத்திரியா? உங்ககிட்ட அவரு சொல்லவே இல்லையா? ஆனி மாசக் கடைசியில உங்க வீட்டுக் கார் கல்லுப்பட்டி ரோடு பிரியிற விலக்குல ஒரு டூவீலர்ல மோதிச்சே, அந்த டூவீலர்ல பின்னாடி உக்காந்திருந்தவ நான். பாண்டீஸ்வரி. ஓட்டினது எங்க வீட்டுக்காரர், சோலைராஜ். ஊரு அருப்புக்கோட்டை.

பயப்படாதீங்க தங்கச்சி. கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்காதீங்க. சண்டைக்கு வந்தவளா இருந்தா எங்க அண்ணன் மச்சக்காளையைக் கூட்டிட்டு நாலு பேரோட வந்திருப்பேன். தனியா வந்திருக்கேன். ஒரே ஒரு வார்த்தை உங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். அவரு இல்லைன்னு சொல்றீங்க. சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். வர்ற வரைக்கும் இந்தப் படியில உக்காந்துக்கறேன்.

இந்த டைல்ஸ் யாரு ஒட்டினது? சரிவு தப்பா இருக்கே. மழை பெஞ்சா தண்ணி வெளிய போகாது, உங்க வாசப்படியைப் பார்த்துல்ல வரும். எங்க வீட்டுக்காரர் பார்த்தாருன்னா பொங்கிருவாரு. அவருக்கு இதான் தொழில். குந்தி உக்காந்தாருன்னா ஒரு ஹாலை முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. அப்படி இருந்தாருன்னுதான் இப்ப சொல்லணும். இடுப்பு எலும்பு உடைஞ்சு பிளேட்டு வச்சிருக்கு. நடக்கலாம், குந்தக் கூடாதுன்னுட்டாங்க. டைல்ஸ் ஒட்டுறவரு குந்தாம என்னத்தை ஒட்டுறது, சுவத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்க முடியுமா? பிளாஸ்டிக் சேருல உக்காந்து தெருவைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. என் மக காலேஜை நிறுத்திட்டு ஜவுளிக்கடையில நாள் பூரா நிக்கிறா. கால் வீங்கிப்போய் வருது பிள்ளைக்கு.

சொல்றேன், முதல்ல இருந்து சொல்றேன். நீங்க ஒரு பக்கத்தைக் கேட்டுட்டு இன்னொரு பக்கத்தைக் கேக்காம இருக்கக் கூடாதுல்ல.

எங்க அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ஆடி பொறந்துட்டா விசேஷம் வைக்க முடியாதுன்னு ஆனிக் கடைசியில வச்சாங்க. நான் ஒரே அத்தை. அத்தைன்னு போய் நின்னா வெறுங்கையோடவா நிக்க முடியும்? சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஒரு குறையும் வைக்கல. அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர், ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு, கட்டணும்’னு நிக்கிறாரு. நான்தான் சொன்னேன், இதுவரைக்கும் கட்டினோமே, ஒரு வருஷமாச்சும் ஏதாவது ஆச்சா, தண்டத்துக்குத்தானே போச்சுன்னு. சரியாத்தானே சொன்னேன்? கட்டின வருஷம் எல்லாம் ஒண்ணும் ஆகல. கட்டாத வருஷமாப் பார்த்து ஆனா அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. கொலுசு போட்டதும் அந்தப் பிள்ளை என்னா அழகா இருந்துச்சு தெரியுமா!

சாப்பிட்டு, வெத்தலை போட்டு, வெயில் தாழக் கிளம்புறோம். விலக்குல நாங்க நேராப் போறோம். உங்க வீட்டுக்காரர் சைடு ரோட்டுல இருந்து வந்தவரு, அங்கிட்டு இங்கிட்டுப் பார்க்காம அப்படியே ஏத்திட்டாரு. ஹாரனும் இல்லை, ஒண்ணும் இல்லை. பொய் சொல்றேன்னா அந்த மீனாட்சி என்னைக் கேக்கட்டும். நான் ரோட்டோரம் மண்ணுல போய் விழுந்தேன். முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் காருக்கு முன்னாடி கிடக்காரு. வேட்டியெல்லாம் ரத்தம். அண்ணன் பொண்டாட்டி குடுத்துவிட்ட தேங்காயும் பழமும் ரோடெல்லாம் உருளுது.

ஆத்தாடி!

கூட்டம் கூடிருச்சு. ஒருத்தன் நூத்தியெட்டைக் கூப்பிடுங்கறான், ஒருத்தன் போலீஸைக் கூப்பிடுங்கறான். உங்க வீட்டுக்காரர் இறங்கி நிக்கிறாரு, கை தொங்கிப் போச்சு, பேந்தப் பேந்த முழிக்கிறாரு. எனக்கு மட்டும்தான் புத்தி வேலை செஞ்சது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்க அண்ணன் சும்மா ஆளு இல்லை தங்கச்சி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்லயே ஜெராக்ஸ் கடை வச்சிருக்கு. அதுக்குத் தெரியாத சட்டம் இல்லை. அண்ணன் முதல் கேள்வியே, ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ன்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். ‘அய்யய்யோ, வாயைத் திறந்துறாத. இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல வண்டியை இறக்கினதே குத்தம். யாரு மோதினாலும் கேஸு மாப்பிள்ளை மேலதான் திரும்பும். கார் சேதத்தையும் நீங்கதான் கட்டணும். வண்டியைப் பிடுங்கிட்டு, மாப்பிள்ளையை உள்ள தூக்கி வச்சிருவான். எப்படியாவது போலீஸ் வராமப் பார்த்துக்கோ’ன்னுச்சு.

இடுப்பு உடைஞ்சவரை ஜெயில்ல வச்சா என்ன ஆகுறது? அடுத்த நிமிஷம் உங்க வீட்டுக்காரர் கால்ல விழுந்துட்டேன்.

ஆமா தங்கச்சி. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி. ‘சார், போலீஸ் வேண்டாம் சார், எங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை சார், கேஸாக்கிறாதீங்க, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்’னு அழுதேன். அவரு முதல்ல நம்பவே இல்லை. ‘போலீஸ் வேண்டாமாக்கா? நிஜமாவா?’ன்னு கேக்கிறாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, தங்கமான மனுஷன்னு. இந்தக் காலத்துல யாரு அழறா அடுத்தவங்களுக்காக? அவரே எங்க வீட்டுக்காரரைத் தூக்கிக் கார்ல போட்டாரு. சீட்டெல்லாம் ரத்தம் ஆகுமேன்னு கூடப் பார்க்கல.

கார்ல போகும்போது, ஆஸ்பத்திரியில கேப்பாங்களேக்கா, என்ன சொல்றதுன்னாரு. நான் சொன்னேன், நீங்க கவலையே படாதீங்க சார், அதை நான் பார்த்துக்கறேன்னு. அவருக்கு அப்பவும் நம்பிக்கை வரல. திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரு. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க சார்னு சொல்லிட்டு, என் மடியில கிடந்த எங்க வீட்டுக்காரர் தலையில கையை வச்சேன். வச்சு, ‘இந்தத் தலை மேல சத்தியம், உங்க கார் மோதிச்சுன்னு என் வாயில இருந்து வராது’ன்னு சொன்னேன். அப்புறம்தான் அவரு நிம்மதியா கியரை மாத்தினாரு.

எங்க வீட்டுக்காரருக்கு நினைவு இருந்துச்சு. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த வலியில யாருக்குப் பேச்சு வரும்?

ஜி.எச்.ல டாக்டர் சின்னப் பொண்ணு. ‘எப்படிம்மா ஆச்சு?’ன்னுச்சு. நான் பட்டுனு சொன்னேன், ‘நாய் குறுக்க வந்துருச்சு டாக்டரம்மா, தடுமாறித் தானா விழுந்துட்டாரு.’ எங்கிருந்துதான் அந்த நாய் வந்துச்சோ எனக்கே தெரியல. ‘வேற வண்டி எதுவும் மோதலையே?’ன்னு கேட்டுச்சு. இல்லவே இல்லை, பழுப்பு நாய், வால் கோணலா இருந்துச்சுன்னேன். எழுதிக்கிச்சு. ஆஸ்பத்திரி போலீஸ்காரர் வந்தாரு, அவருக்கும் அதே நாய். வார்டு நர்ஸு கேட்டாங்க, அதே நாய். பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டாங்க, அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா, நாய்க்கும் கால்ல அடின்னு சொன்னேன், பாவம்னாங்க. ஒரு இடத்துல கூட நான் தடுமாறல தங்கச்சி. எங்க அண்ணனே மெச்சிக்கிச்சு.

மறுநாளோ அதுக்கு மறுநாளோ உங்க வீட்டுக்காரர் இந்தப் பையோட வந்தாரு. நானும் அவரும் கண்ணாலயே பேசிக்கிட்டோம். நர்ஸு யாருன்னு கேட்டதுக்கு, என் சித்தி மகன்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனவருதான். அப்புறம் ஆளைக் காணோம். சரி, வேலையா இருக்கும்னு விட்டுட்டேன்.

இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க. அண்ணன் சொல்லுச்சு, நான் செஞ்சேன். டாக்டர் கேட்டுச்சு, நான் சொன்னேன். படிச்ச பொண்ணுதானே, இடுப்பு உடைஞ்சிருக்கிறதைப் பார்த்தா, நாய்க்கு விழுந்தா இப்படி உடையுமான்னு ரெண்டு கேள்வி கூடக் கேட்டிருக்க வேண்டாமா?

எங்க வீட்டுக்காரர் அன்னையில இருந்து என்கிட்ட பேசுறது இல்லை. வலிதான். எலும்பு வலி சாமானியமா? மககிட்ட பேசுவாரு, எதிர் வீட்டுப் பெரியவர்கிட்ட அரசியல் எல்லாம் பேசுவாரு, அது வேற. பொண்டாட்டின்னா வலியைக் காட்டத் தோணும்ல, அதான். சாப்பாடு வச்சா சாப்பிடுவாரு. இன்னைக்குக் காலையில நான் கிளம்பும்போதுதான் முதல் தடவையா வாயைத் திறந்தாரு. எங்க போறேன்னு கேக்கல. என் கையில இந்தப் பையைப் பார்த்துட்டு, ‘போ. போய் அந்த நாய் கிடைச்சா கூட்டிட்டு வா’ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கேலி பண்ற அளவுக்கு வலி குறைஞ்சிருக்குன்னு சந்தோஷமா பஸ் ஏறினேன்.

இருங்க, உள்ள போயிறாதீங்க. வந்த விஷயத்துக்கு வந்துட்டேன்.

போன மாசம் ஒரு வக்கீலம்மா வீட்டுக்கு வந்தாங்க. அவங்க வீட்டுல மாடி எடுக்கிறாங்களாம், சோலைராஜ்தான் டைல்ஸ் ஒட்டணும்னு தேடி வந்திருக்காங்க. இவரு சேருல உக்காந்திருக்கிறதைப் பார்த்துட்டு என்னாச்சுன்னாங்க. நான் நாயை ஆரம்பிச்சேன். இவரு குறுக்க விழுந்து, ‘நாய் இல்லை, கார்’னுட்டாரு. சத்தியம் பண்ணினது நான்தானே, அவரு இல்லையே. அவரு சொன்னா எதுவும் ஆகாதுன்னு நானும் சும்மா இருந்தேன். முழுசும் கேட்டுட்டு அந்தம்மா தலையில கை வச்சுட்டாங்க.

‘ஏம்மா, உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாட்டி உங்களுக்கு ஒரு அபராதம் போட்டிருப்பாங்க. அதோட முடிஞ்சது. நஷ்டஈடு அதனால போகாதே. மோதினது கார், தப்பு காரு மேல. அந்தக் கார் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குக் குடுத்தே ஆகணும். ஆபரேஷன், இத்தனை மாசச் சம்பளம், இனிமே அவரு செய்ய முடியாத வேலை, எல்லாத்துக்கும் சேர்த்து’ன்னாங்க.

எங்க அண்ணன் அப்படிச் சொல்லலையேன்னேன். ‘உங்க அண்ணன் வக்கீலா?’ன்னு கேட்டாங்க. ஜெராக்ஸ் கடைன்னேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில போய் விசாரிச்சுட்டு வந்து சத்தம் போட்டாங்க. ‘எந்தப் பக்கம் திரும்பினாலும் நாய் நிக்குதேம்மா. ரிஜிஸ்டர்ல நாய், போலீஸ்ல நாய். இப்பப் போய்க் கார்னு சொன்னா, காசுக்காகக் கதை கட்டுறீங்கம்பான். நீங்க சொல்றதை விட அந்தக் கார்க்காரர் வாய் திறந்தாத்தான் வழி. நான்தான் மோதினேன்னு அவரு ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டா நாய் போயிரும். தை பொறக்கிறதுக்குள்ள செய்யுங்க, அதுக்கப்புறம் மனு போட்டாலே தள்ளிருவாங்க’ன்னாங்க.

கேட்டீங்களா தங்கச்சி? இம்புட்டுத்தான். ஒரே ஒரு வார்த்தை. அவரு கையில இருந்து எதுவும் போகாது. வக்கீலம்மாகிட்ட நான் துருவித் துருவிக் கேட்டுட்டேன். கேஸுக்கு ஏதோ கோர்ட்டுல அபராதம் கட்டிட்டு வந்துரலாமாம். மிச்சமெல்லாம் கம்பெனி பார்த்துக்குமாம். நீங்க வருஷா வருஷம் கட்டுறது இதுக்குத்தானே? உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லாம ஒரு குடும்பம் பிழைச்சுக்கும். என் மக காலேஜுக்குப் போவா.

இன்னொண்ணும் இருக்கு. அது கோர்ட்டுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். நான் சத்தியம் பண்ணியிருக்கேன்ல. எங்க வீட்டுக்காரர் தலை மேல பண்ணினது. அதை வச்சுக்கிட்டு நான் ஸ்டேஷன் படியேறிக் கார்னு சொன்னா, அது யாரு தலையில விழும்? ஏற்கெனவே பாதி உடம்பு போச்சு. அதனால உங்க வீட்டுக்காரர் அந்தச் சத்தியத்தை எனக்குத் திருப்பிக் குடுக்கணும். யாருக்குப் பண்ணினோமோ அவங்க, ‘விட்டுட்டேன், உன்னை அது பிடிக்காது’ன்னு சொன்னாப் போதும். எங்க ஊர்ல அப்படித்தான். உங்க பக்கமும் அப்படித்தானே? உங்ககிட்ட இங்கயே இப்படிப் பேசலாம், நீங்க அவரு பாதி. கோர்ட்டுல பேச முடியாது.

ஏன் அழறீங்க?

தங்கச்சி, நான் எதுவும் தப்பாச் சொல்லலையே. சண்டைக்கு வரலைன்னுதான் சொல்றேனே. இந்தாங்க, முந்தானையில துடைங்க. அவரு உள்ளதான் இருக்காருன்னு எனக்கு வந்ததுமே தெரியும். செருப்பு அந்தா கிடக்கு. கார் கவர் போட்டு நிக்குது. ஜன்னல் திரை ரெண்டு தடவை ஆடுச்சு. நான் கண்டுக்கல. பயப்படுறாரு, பாவம். நல்லவங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி. நீங்க போய்ச் சொல்லுங்க, பாண்டீஸ்வரி அக்கா வந்திருக்கு, காசு கேட்டு வரல, கம்பெனிதான் குடுக்கும்னு...

என்ன?

என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, லாரி சத்தத்துல கேக்கல.

எதுக்கு இன்சூரன்ஸ் இல்லை? எங்க வண்டிக்கா? அதைத்தானே இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், எங்க வண்டிக்கு...

உங்க காருக்கா?

உங்க காருக்கா தங்கச்சி?

இரு, இரு. கார் வச்சிருக்கிறவங்க எப்படி இன்சூரன்ஸ் இல்லாம... வக்கீலம்மா கேட்டாங்க. ‘காருக்கும் இல்லாம இருந்தா வம்பும்மா, கம்பெனி கிடையாது, ஓனர் சொத்துல இருந்துதான் வாங்கணும், இருக்கிற வீடு வாசலை ஜப்தி பண்ற வரைக்கும் போகும்’னாங்க. நான் சிரிச்சேன் தங்கச்சி. கார் வச்சிருக்கிறவங்க எங்களை மாதிரியா இருப்பாங்கன்னு சொன்னேன்.

வீடு கட்டினதுல எல்லாம் போச்சா? புதுமனைப் புகுவிழா முடியட்டும், கட்டிக்கலாம்னு விட்டீங்களா? பை அடிக்க இருந்துச்சு. ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட இருந்துச்சு. அதுக்கு மட்டும் இல்லையா? நாலு சக்கரத்தை ரோட்டுல இறக்கிறவங்களுக்கு ஒரு அறிவு வேண்டாமா? அடுத்தவன் உயிருன்னு ஒண்ணு இருக்கே, அது நினைப்புல இருக்க வேண்டாமா? எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?

எப்ப கட்டினீங்க? மறுநாள் காலையிலயா? மோதின மறுநாள் காலையில உக்காந்து கட்டியிருக்கீங்க.

அப்ப அன்னைக்கு விலக்குல, நான் அவரு கால்ல விழுந்தேனே. அவரு பொலபொலன்னு அழுதாரே. அது எனக்காக இல்லையா? நான் விழுந்தப்ப அவரு என் கால்ல விழுறதுக்குத்தான் நின்னுக்கிட்டு இருந்தாரா? நான் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரே விழுந்திருப்பாரா?

கடவுளே.

இரு தங்கச்சி, அழாதே. யோசிப்போம். உக்காரு. எனக்கு ஒரு யோசனை தோணுது. இப்படிப் பண்ணுவோம். நீங்க மறுநாள் கட்டியாச்சுல்ல? அப்ப கார் மறுநாள்தான் மோதிச்சுன்னு சொல்லிருவோம்! அன்னைக்கு இல்லை, மறுநாள் சாயங்காலம். கம்பெனி குடுத்துரும். உங்க வீட்டுக்கும் ஒண்ணும் ஆகாது, எங்க பாடும் தீர்ந்துச்சு. காதுகுத்துக்கு வந்தவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான், நான் சொல்லச் சொன்னதைச் சொல்லுவாங்க. நீங்களும் நானும் ஒரே மாதிரிச் சொன்னா யாரு என்ன பண்ண முடியும்? நான் தடுமாறவே மாட்டேன், என்னை நம்பு...

ஆஸ்பத்திரியில சேர்த்தது.

ஆமா. சேர்த்த தேதி இருக்கே. நாய் அன்னைக்கே வந்துருச்சே. தேதி போட்டு, மணி போட்டு, வால் கோணல்னு கூட எழுதியிருக்குமோ என்னமோ. மோதுறதுக்கு முந்தின நாளே ஒருத்தர் இடுப்பு உடைஞ்சு படுத்திருந்தாருன்னு எவன் நம்புவான்?

சனியன் பிடிச்ச நாய்.

கதவு திறக்குது. வாங்க சார். வாங்க. இளைச்சுப் போயிட்டீங்க. நிக்கிறதைப் பாரு, அன்னைக்கு ரோட்டுல நின்ன மாதிரியே கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

சார், உங்க வீட்டை நான் கேக்கல. எனக்கு எதுக்கு சார் இந்த வீடு, சரிவு தப்பா இருக்கிற வீடு? கோர்ட்டுல எவ்வளவுன்னு சொல்றாங்களோ சொல்லட்டும். தவணை போட்டுக் குடுங்க, பத்து வருஷம் குடுங்க, நான் வேண்டாங்கல. வக்கீலம்மாகிட்ட நானே பேசறேன், பொறுமையா வாங்கிக்கலாம்மான்னு. ஆனா ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் மோதினேன்னு சொல்லுங்க சார். வர முடியலையா, சரி, வர வேண்டாம். சத்தியத்தையாவது திருப்பிக் குடுங்க. நானே போய்ச் சொல்லிக்கறேன். நம்புறவன் நம்பட்டும், நம்பாதவன் போகட்டும். ‘பாண்டீஸ்வரி அக்கா, விட்டுட்டேன்’னு ஒரு வார்த்தை சார். அவரு தலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது சார். எனக்கு அவரு ஒருத்தருதான்.

தங்கச்சி, நீ சொல்லு. என் மக மாதிரி உனக்கும் ஒண்ணு இருக்கும்ல? அந்தா கொடியில பாவாடை காயுது.

வாயைத் திறக்கிறாரு. சொல்லுங்க சார்.

என்னது?

‘அந்தச் சத்தியத்தை நம்பித்தான்க்கா நாங்க ராத்திரி தூங்குறோம். அதைக் கேக்காதீங்க.’

கையெடுத்துக் கும்பிடுறாரு. நல்லாக் கும்பிடுறாரு. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் கும்பிட்டாரு.

அப்ப உங்க காருக்கு அன்னைக்கு இன்சூரன்ஸ் கட்டினது நான்தான். எங்க வீட்டுக்காரர் தலையை வச்சு நான் கட்டியிருக்கேன். எங்க வண்டிக்குக் கட்டாதவ உங்க காருக்குக் கட்டியிருக்கேன்.

சரி சார். உள்ள போங்க. நான் கத்த மாட்டேன், தெருவைக் கூட்ட மாட்டேன். சண்டைக்கு வரலைன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

தங்கச்சி, இந்தா, பையைப் பிடி. உங்க வீட்டுப் பைதானே. கொய்யாக்கா கனிஞ்சிருக்கு, பிள்ளைக்குக் குடு. அப்புறம் எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. உன் போன்ல இருந்து எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கால் போடு, நம்பர் சொல்றேன். என் நம்பர்னா அவரு எடுக்க மாட்டாரு. வலியெல்லாம் இல்லை தங்கச்சி, என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. புது நம்பர்னா எடுப்பாரு.

நான் பேசல. நீயே சொல்லு. நாய் கிடைச்சிருச்சாம், காருக்குப் பக்கத்துலதான் நிக்குதாம், பாண்டீஸ்வரி எம்புட்டோ கூப்பிட்டுப் பார்த்தாளாம், வர மாட்டேங்குதாம்னு மட்டும் சொல்லிடு.